டெஸ்ட் பட்டன் மட்டும் போதாது: பூங்காவில் எர்த், ஆர்சிசிபி சோதிக்கும் முறை

மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. அதில் டெஸ்ட் பட்டனை அழுத்தினோம், டக்கென்று விழுந்தது (சப்ளை துண்டானது), எல்லாம் சரி என்று பல பூங்காக்களில் வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டன் தனக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த் வயரே இல்லாத இடத்திலும் அது விழும். விளக்குக் கம்பத்தில் எர்த் அறுந்திருந்தால் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போகக் கிடைக்கும் முதல் வழி, அந்தக் கம்பத்தைப் பிடித்திருக்கும் குழந்தையின் கைதான். அதனால் எர்த்தைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும், அதுவும் முதலில்.

உரிமம் உள்ள வயர்மேன் செய்யும் வேலை இது. பூங்கா மூடியிருக்கும்போது மெயினை அணைத்துப் பூட்டி, சப்ளை இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

கம்பத்தின் அடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து எர்த் போல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் பிரச்சினை அங்கேதான்: பெயின்ட்டுக்கு மேலேயே லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) வைத்து முடுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் பட்டுப் பட்டு வாஷர் துருவாக உதிரும். சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்குங்கள். அப்புறம் எல்லா எர்த் வயர்களும் சேரும் மெயின் எர்த் பாரிலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து வந்து, லோ ஓம் மீட்டரில் ஒவ்வொரு கம்பத்தையும் அளக்க வேண்டும். இழுத்த வயரின் ஓமைக் கழித்துவிடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 100 மீட்டருக்கு முக்கால் ஓம் வரும், அதை வைத்து உங்கள் தூரத்துக்கு எவ்வளவு வரலாம் என்று கணக்குப் போடலாம். ஒரு கம்பம் மட்டும் பக்கத்துக் கம்பத்தைவிட மிக அதிகமாகக் காட்டினால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

அடுத்தது எர்த் குழி. சப்ளை அணைந்திருக்கும்போது மட்டுமே எலெக்ட்ரோடை (குழியில் புதைத்த உலோகக் கம்பி) வயரிலிருந்து கழற்றுங்கள். எர்த் டெஸ்டரோடு வரும் இரும்பு முளைகளில் ஒன்றை எலெக்ட்ரோடிலிருந்து 50 மீட்டரிலும் இன்னொன்றை அதே நேர்கோட்டில் 31 மீட்டரிலும் அடித்து அளந்துவிட்டு, நடு முளையை மூன்று மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால்தான் அது நம்பக்கூடிய அளவு. அளப்பதற்குச் சற்று முன் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம், சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணில் என்ன வருகிறதோ அதுதான் தெரிய வேண்டும்.

5 ஓம் வந்துவிட்டது, எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். சொந்தக் குழியை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் 230 வோல்ட்டை 5 ஓமால் வகுத்தால் 46 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, ஒரு மணி நேரத்தில்கூட விழும் என்று உறுதியில்லை, அதுவரை கம்பத்தில் மின்சாரம் இருக்கும். ஆர்சிசிபி கட்டாயம் என்பது இதனால்தான்.

எலெக்ட்ரோடைத் திரும்ப இணைத்து, சப்ளை கொடுத்து, விளக்கு போன்ற லோடுகளைக் கழற்றிவிட்டு, கடைசிக் கம்பத்தில் ஆர்சிசிபி டெஸ்டரை மாட்டுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்றால் 15-ல் விழக் கூடாது, 30-ல் 300 மில்லிசெகண்டுக்குள், 150-ல் 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும். டெஸ்டரில் 0, 180 டிகிரி இரண்டிலும், அதாவது மின் அலையின் இரண்டு பாதிகளிலும் பாருங்கள். எல்இடி டிரைவர்கள் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவிகள்) நிறைய இருந்தால், சாதாரண ஏசி கசிவை மட்டும் உணரும் ஏசி வகை ஆர்சிசிபியை மாற்றி, துடிப்பான டிசி கசிவையும் உணரும் ஏ வகை போடுவது நல்லது.

நீரூற்றுக்கும், கம்பங்களுக்கும், தின்பண்டக் கடைகளுக்கும் தனித்தனி ஆர்சிசிபி வேண்டும். முழுப் பூங்காவுக்கும் ஒன்றே இருந்தால் மழை பெய்த அன்று அடிக்கடி விழும், எரிச்சலில் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள், அதைவிட ஆபத்து வேறில்லை. விழுகிறது என்றால் கசிவு எங்கோ இருக்கிறது. அந்த லைனை அணைத்து, டிரைவர்களையும் ஆர்சிசிபியையும் பிரித்துவிட்டு 500 வோல்ட் மெகரில் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் கேபிளையோ ஜாயின்டையோ சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் இருட்டாகவே இருக்கட்டும்.