கட்டில் எத்தனை சீட்டு? டெக்-பில்டிங் ஆட்டங்களில் அளவைத் தீர்மானிக்கும் முறை

ஆளுக்கொரு சீட்டுக் கட்டை அமைத்துக்கொண்டு விளையாடும் டெக்-பில்டிங் வகைச் சீட்டாட்டங்களில் 'கட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது' என்ற அறிவுரை புதியவர்களின் காதில் முதலில் விழுந்துவிடுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறியாமல் அதைப் பின்பற்றுபவர்கள், ஆட்டத்தின் நடுப்பகுதிவரை முன்னணியில் இருந்துவிட்டுக் கடைசியில் மூச்சுத்திணறி நிற்பதைப் பார்க்கலாம். ஆட்டம் முடிவதற்குள் ஒரு சீட்டு எத்தனை தடவை கைக்கு வரும், வரும்போது மற்றச் சீட்டுகளின் சராசரியைவிட அதிகமாக உழைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டால், கட்டின் அளவு தானே அமைந்துவிடும். 'டாமினியன்', 'ஸ்லே தி ஸ்பயர்' என்னும் இரண்டு ஆட்டங்களைக் கொண்டு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

அதற்கு முன், வீட்டிலேயே கட்டை அமைத்துக்கொண்டு வந்து விளையாடும் ஆட்டங்களைப் பற்றி ஒரு சொல். அங்கே கேள்வி எளிது. 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தின் வழக்கமான வடிவங்களில் கட்டு 60 சீட்டுகளுக்குக் குறையக் கூடாது, அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக ஒரே சீட்டில் நான்கு பிரதிகள்வரை வைக்கலாம். நான்கு பிரதிகள் வைத்த ஒரு சீட்டு முதல் ஏழு சீட்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 39.9 சதவீதம். கட்டை 61 ஆக்கினால் அது 39.4 ஆகிறது. இழப்பு சிறியதுதான், ஆனால் அதற்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை. 40 முதல் 60 சீட்டுகள்வரை அனுமதிக்கும் 'யூ-கி-ஓ' ஆட்டத்தில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: மூன்று பிரதிகள் உள்ள சீட்டு முதல் ஐந்தில் வரும் வாய்ப்பு, 40 சீட்டுக் கட்டில் 33.8 சதவீதம், 60 சீட்டுக் கட்டில் 23.3 சதவீதம். எனவே விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்ணிக்கையையே வைத்துக்கொள்வது நல்லது; அதைத் தாண்டுவதற்குத் தெளிவான காரணம் வேண்டும்.

விளையாடிக்கொண்டே கட்டை வளர்க்கும் ஆட்டங்களில்தான் கணக்கு சுவையாகிறது. 2008இல் வெளிவந்த டாமினியனில் ஒவ்வொருவரும் 10 சீட்டுகளோடு தொடங்குகிறோம். ஒரு காசு தரும் காப்பர் ஏழு. விளையாடும்போது எதற்கும் உதவாமல் முடிவில் மட்டும் ஒரு புள்ளி தரும் எஸ்டேட் மூன்று. ஒரு சுற்றுக்கு ஐந்து சீட்டுகளை எடுத்து விளையாடி, சுற்று முடிந்ததும் அத்தனையையும் கழிவுக் குவியலில் போடுகிறோம். எடுக்க வேண்டிய சீட்டுகள் தீர்ந்ததும் கழிவுக் குவியலைக் கலைத்து மீண்டும் கட்டாக வைக்கிறோம். புதிதாக வாங்கும் சீட்டும் முதலில் அந்தக் கழிவுக் குவியலுக்கே போகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே கூடுதல் சீட்டுகளை இழுத்துத் தரும் சீட்டுகள் இல்லாத நிலையில், கட்டின் எண்ணிக்கையை ஐந்தால் வகுத்தால், ஒரு சீட்டு எத்தனை சுற்றுகளுக்கு ஒருமுறை கைக்கு வரும் என்பது தெரிந்துவிடும். 10 சீட்டுகள் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, 20 என்றால் நான்கு சுற்றுக்கு ஒருமுறை, 30 என்றால் ஆறு சுற்றுக்கு ஒருமுறை. ஆட்டம் இன்னும் எட்டுச் சுற்றுகள் ஓடும் என்று நினைக்கிறீர்கள், உங்கள் கட்டில் 20 சீட்டுகள் இருக்கின்றன என்றால், இப்போது வாங்கும் சீட்டை அதிகம் போனால் இரண்டு தடவை விளையாடுவீர்கள். அடுத்த கலைப்பு தள்ளிப்போனால் ஒரு தடவையோடு நின்றுவிடலாம். அந்த ஓரிரு தடவைக்காக அதற்குரிய விலையைக் கொடுப்பீர்களா என்பதே வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இரண்டாவது கேள்வி சராசரியைப் பற்றியது. ஆறு புள்ளி தரும் ப்ராவின்ஸை வாங்க எட்டுக் காசு வேண்டும். ஐந்து சீட்டுகளில் எட்டுக் காசு வர வேண்டுமானால், சீட்டு ஒன்றுக்குச் சராசரியாக 1.6 காசு இருக்க வேண்டும். தொடக்கக் கட்டின் சராசரி 0.7தான். அதோடு இரண்டு காசு தரும் சில்வர் மூன்றையும் மூன்று காசு தரும் கோல்ட் இரண்டையும் வாங்கிச் சேர்த்தால், 15 சீட்டுகளில் 19 காசு. ஒரு கைக்குச் சராசரியாக 6.3. எஸ்டேட் மூன்றையும் ஏதாவது ஒரு வழியில் அகற்றிவிட்டால் 12 சீட்டுகளில் அதே 19 காசு. ஒரு கைக்கு 7.9. ஒரே தடவையில் நான்கு சீட்டுகள்வரை நிரந்தரமாக அகற்ற உதவும் சேப்பல் என்ற சீட்டை வாங்கி, எஸ்டேட்டுகளோடு நான்கு காப்பர்களையும் வெளியேற்றினால், சேப்பலையும் சேர்த்து 9 சீட்டுகளில் 15 காசு மட்டுமே மிஞ்சும். மொத்தக் காசு குறைந்துவிட்டது. ஆனால் ஒரு கைக்கு 8.3 வருகிறது. (காப்பரை அகற்ற மனம் வராதவர்கள் ஏராளம். அது காசாகத் தோன்றுவதால் வரும் தயக்கம், 1.6 என்ற கோட்டுக்குக் கீழே இருக்கும் எதுவும் பாரம்தான்.) முதல் இரண்டு சுற்றுகளில் சேப்பலையும் சில்வரையும் வாங்கினால் கட்டு 12 ஆகிறது, அடுத்த இரண்டு சுற்றுகளில் அதில் 10 சீட்டுகள் கைக்கு வந்துவிடுவதால், சேப்பல் அதற்குள் கிடைக்கும் வாய்ப்பு 83 சதவீதம். அகற்றும் வேலையை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு சுற்றுகளுக்கு அதன் பலனை அனுபவிக்கலாம்.

இதுவரை சிறிய கட்டின் பெருமை. அதன் பலவீனம் முதல் ப்ராவின்ஸை வாங்கிய கணத்தில் தொடங்குகிறது, ஏனென்றால் ப்ராவின்ஸும் எஸ்டேட்டைப் போலவே கைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் சீட்டு. மேற்சொன்ன 9 சீட்டுக் கட்டில் ஒரு ப்ராவின்ஸ் நுழைந்ததும் சராசரி 7.5 ஆகச் சரிகிறது, இரண்டு நுழைந்தால் 6.8, மூன்று நுழைந்தால் 6.3. இருவர் ஆடும் ஆட்டத்தில் எட்டு ப்ராவின்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தையாவது பிடிக்க வேண்டும் என்றால் இந்தக் கட்டு நடுவழியிலேயே நின்றுவிடும். 30 சீட்டுகளில் 50 காசு வைத்திருப்பவரின் சராசரியும் அதே 8.3தான். ஆனால் மூன்று ப்ராவின்ஸ்களை விழுங்கிய பிறகும் அவருக்கு ஒரு கைக்கு 7.6 காசு வரும். அவர் 50 காசு சேர்ப்பதற்குள் எதிராளி ஆட்டத்தை முடித்துவிடக்கூடும் என்பது வேறு விஷயம்.

இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது? கட்டைச் சுருக்கியவர் எட்டுக் காசு முதன்முதலில் கைக்கு வந்த உடனேயே ப்ராவின்ஸுக்குத் தாவாமல், ஓரிரு சுற்றுகள் பொறுத்து இன்னும் இரண்டு கோல்டுகளைச் சேர்த்துக்கொண்டால், 11 சீட்டுகளில் 21 காசு ஆகிறது. ஒரு கைக்கு 9.5. இப்போது ஒரு ப்ராவின்ஸ் நுழைந்தால் 8.8, இரண்டு நுழைந்தாலும் 8.1. கட்டு இரண்டு சீட்டுகள் பெருத்ததால்தான் இந்தத் தாங்குதிறன் கிடைத்தது. எனவே முதலில் வேண்டாதவற்றை வேகமாக வெளியேற்றி, பிறகு சராசரிக்கு மேற்பட்டவற்றால் கட்டை நிதானமாகப் பெருக்கி, அதன்பின் புள்ளிச் சீட்டுகளுக்குப் போவதே எனக்குச் சரியான வரிசையாகத் தோன்றுகிறது. எதிராளி முந்திக்கொண்டு ப்ராவின்ஸ்களை அள்ளத் தொடங்கிவிட்டால் மட்டும் நடுக்கட்டத்தைச் சுருக்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையைக் கணக்கிடும்போது எல்லாச் சீட்டுகளையும் ஒரே எடையில் வைக்கக் கூடாது. விளையாடியதும் ஒரு சீட்டை இழுத்துத் தந்து, அதை விளையாடும் உரிமையாகச் செலவான ஆக்‌ஷனையும் திருப்பித் தரும் வில்லேஜ் போன்ற சீட்டு தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. 20 சீட்டுகளில் ஐந்து இப்படிப்பட்டவை என்றால், கட்டை 15 என்றே கருதலாம். இரண்டு சீட்டுகளை இழுத்து ஆக்‌ஷனையும் திருப்பித் தரும் லேபரட்டரி அதைவிட ஒரு படி மேல். ஸ்மிதியின் கதை வேறு. அது மூன்று சீட்டுகளை இழுக்கிறது, ஆனால் அந்தச் சுற்றுக்குரிய ஒரே ஆக்‌ஷனைத் தின்றுவிடுவதால், ஒரே கையில் இரண்டு ஸ்மிதி சேர்ந்தால் ஒன்று வீண். அவை இழுக்கும் கூடுதல் சீட்டுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 10 சீட்டுக் கட்டில் இரண்டு ஸ்மிதிகள் ஒரே கையில் மோதிக்கொள்ளும் வாய்ப்பு 44 சதவீதம், 20 சீட்டுக் கட்டில் 21 சதவீதம். ஆக, ஸ்மிதி போன்ற சீட்டுகளை எத்தனை வாங்கலாம் என்பதைக் கட்டின் அளவே தீர்மானிக்கிறது. சிறிய கட்டில் இரண்டாவது ஸ்மிதி பெரும்பாலும் தொல்லை.

2019இல் முழுமையாக வெளிவந்த 'ஸ்லே தி ஸ்பயர்' கணினி ஆட்டத்திலும் ஒரு சுற்றுக்கு ஐந்து சீட்டுகள்தான். ஆனால் அங்கே புள்ளிச் சீட்டுகள் கிடையாது. ஒவ்வொரு சண்டையும் தனிக் கணக்கு. சண்டை முடிந்ததும் நீட்டப்படும் மூன்று சீட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், எதையும் எடுக்காமலும் போகலாம். அயர்ன்கிளாட் என்ற வீரர் தொடங்குவது 10 சீட்டுகளோடு: ஆறு சேதம் செய்யும் ஸ்ட்ரைக் ஐந்து, தற்காக்கும் டிஃபெண்ட் நான்கு, பாஷ் என்ற அடி ஒன்று. முதல் பகுதியில் இந்தக் கட்டின் சராசரி மிகத் தாழ்வாக இருப்பதால், ஸ்ட்ரைக்கைவிட நன்றாக அடிக்கும் எந்தச் சீட்டையும் தயங்காமல் எடுக்கலாம். போகப்போகச் சராசரி உயரும். அப்போது, முதல் பகுதியில் மகிழ்ச்சியோடு எடுத்திருக்கக்கூடிய அதே சீட்டை விட்டுவிட்டுப் போக வேண்டும். சண்டை முழுவதும் பலன் தரும் பவர் வகைச் சீட்டுகளை விளையாடியதும் அவை அந்தச் சண்டை முடியும்வரை சுழற்சியிலிருந்து விலகிவிடுவதால், அவை கட்டைப் பெருக்குவது முதல் சுழற்சியில் மட்டுமே. நீண்ட சண்டைகளில் அவற்றின் சுமை தெரியாது.

இந்த ஆட்டத்தில் மிகச் சிறிய கட்டுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. சென்ட்ரி என்ற மூன்று எதிரிகளோடு நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஓரங்களில் இருக்கும் இருவரும் ஆளுக்கு இரண்டு டேஸ்டு சீட்டுகளை உங்கள் கழிவுக் குவியலில் போடுவார்கள். இரண்டாம் சுற்றில் நடுவில் இருப்பவர் இன்னும் இரண்டைப் போடுவார். டேஸ்டு விளையாட முடியாத வெற்றுச் சீட்டு. 10 சீட்டுக் கட்டு இரண்டு சுற்றுகளில் தீர்ந்துவிடும். யாரையும் வீழ்த்தியிருக்காவிட்டால், மூன்றாம் சுற்றில் கலைக்கப்படும் 16 சீட்டுகளில் ஆறு வெற்று, அதாவது கைக்கு வரும் ஐந்தில் ஏறத்தாழ இரண்டு பயனற்றவை. 20 சீட்டுக் கட்டை வைத்திருப்பவருக்கு ஐந்தாம் சுற்றுக்கு முன் ஒரு டேஸ்டுகூடக் கண்ணில் படாது; அதற்குள் அவர் ஓரிருவரை வீழ்த்தியிருப்பார்.

கடையில் ஒரு சீட்டை அகற்றிக்கொள்ள முதல் தடவை 75 தங்கம், அதன்பின் ஒவ்வொரு தடவையும் 25 கூடும். சாபச் சீட்டு இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும்; அடுத்து ஸ்ட்ரைக். மூன்றாவது, நான்காவது அகற்றலுக்கு 125, 150 என்று ஆகும்போது, அதே தங்கத்தில் ஒரு நல்ல சீட்டு கிடைக்குமானால் சீட்டை வாங்குவதே பெரும்பாலும் லாபம்.

பெரிய கட்டே இலக்காகிவிடும் சூழலும் உண்டு. டாமினியனின் கார்டன்ஸ் சீட்டு, கட்டில் உள்ள ஒவ்வொரு பத்துச் சீட்டுக்கும் ஒரு புள்ளி தருகிறது. 40 சீட்டுகள் சேர்த்தவருக்கு ஒவ்வொரு கார்டன்ஸும் நான்கு புள்ளி. நான்கு காசுவரை விலையுள்ள ஒரு சீட்டை இலவசமாகப் பெற்றுத் தரும் வொர்க்‌ஷாப்பும் மேசையில் இருந்தால், சராசரியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுக் கண்டதையும் அள்ளலாம். மேசையில் வாங்கக் கிடைக்கும் சீட்டுக் குவியல்களில் ஏதாவது மூன்று தீர்ந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், இந்த வழியில் ஆடுபவர் ப்ராவின்ஸ்கள் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, கலைப்பின் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் முடிவதற்குள் இனி ஒரு கலைப்பு வராது என்று தெரிந்த கணம் முதல், வாங்கும் எதுவும் கைக்கு வரப்போவதில்லை; சராசரியைக் காப்பாற்றும் தேவையும் அத்தோடு தீர்ந்தது. இருவர் ஆட்டத்தில் இரண்டு ப்ராவின்ஸ்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது கையில் ஆறு காசு இருந்தால், ஆறு காசு விலையுள்ள கோல்டை விட்டுவிட்டு, ஐந்து காசுக்கு மூன்று புள்ளி தரும் டச்சியை எடுக்க வேண்டும்.