வசன அட்டையும் தண்டல் அட்டையும்

ஜனவரி முதல் வாரம் வந்தாலே எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொள்ளும். எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருகிற பையன்களில் யாராவது ஒருவன், கையில் புது வருஷத்துக்குச் சபையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையும் முகத்தில் ஒரு தனிக் களையுமாக வந்து நிற்பான். இந்த வருஷம் வந்தவன் ஒரு கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். "அண்ணே, எரேமியா 29:11 வந்திருக்கு. வேலைக்குப் பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன். கொளத்தூர்ல ஒரு கடை பார்த்து வச்சிருக்கேன்" என்றான். அட்வான்ஸ் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். "ஆண்டவர் இருக்காரு அண்ணே."

இருபத்தொன்பது வயதில் நான் சொன்ன அதே பதில்.

பெரம்பூரில் தையல் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ராத்திரி எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு மாடியில் கூட்டம் நடத்துகிறேன். நான் போதகர் இல்லை. வேதம் வாசிக்காமல் இருப்பது, ஆராதனைக்கு லேட்டாக வருவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை ஆயர் பார்த்துக்கொள்வார். முழு மனசோடு ஆண்டவரைப் பின்பற்றக் கிளம்புகிறவர்கள் செய்கிற தவறுகள் தனி ரகம். அரைமனசுக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

சத்தத்தைத் தைரியம் என்று நினைப்பது

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கைப்பிரதி கொடுத்துப் பிரசங்கம் பண்ணிய காலம் எனக்கும் உண்டு. ஒருநாள் மாம்பலம் தாண்டி ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தம்பி, கொஞ்சம் மெதுவா பேசுப்பா, பேத்தி இப்பதான் கண் அசந்தா" என்றார். நான் குரலை இன்னும் உயர்த்தினேன். அதோடு விட்டேனா? அந்த வாரக் கூட்டத்தில், "ரயிலில் சத்துரு என்னைத் தடுக்கப் பார்த்தான்" என்று சாட்சியும் சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்தப் பாட்டியைத்தான் சத்துரு என்று சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது.

புதிய ஏற்பாட்டில் தைரியம் என்று வருகிற பல இடங்களில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் பர்ரேசியா. மனதில் இருப்பதை ஒளிக்காமல் பேசுவது என்று பொருள். தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் யூதர்களின் ஆலோசனைச் சங்கம் பேதுரு, யோவானிடம் பார்த்து ஆச்சரியப்பட்டது இதைத்தான். அவர்களை மிரட்டி அனுப்பிய பிறகு சபை கூடி என்ன ஜெபம் பண்ணியது என்று 29ஆம் வசனத்தில் பாருங்கள். தைரியம் கொடும் என்று கேட்கிறார்கள். கையில் இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். சங்கிலியில் இருந்த பவுலும் எபேசியருக்கு எழுதும்போது, நான் தைரியமாய்ப் பேச எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார்.

பேதுருவின் பழைய துணிச்சல் வேறு மாதிரி. கெத்செமனேயில் பட்டயத்தை உருவி, இயேசுவைப் பிடிக்க வந்த மல்குஸின் காதை வெட்டினார். அதே ராத்திரி, குளிர்காய்கிற இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு, இயேசுவைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

வசனத்தைச் சீட்டுப் போல எடுத்து, அதன்மேல் கடன் வாங்குவது

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். கால் நூற்றாண்டு தாண்டியும் இந்த விஷயத்தில் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபம் பண்ணி ஒன்றை எடுக்க வேண்டும். பிடித்த வசனம் வராவிட்டால் நைசாக இன்னொன்று எடுக்கிற அத்தைமார்களையும் பார்த்திருக்கிறேன். அட்டையோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வசனத்தைப் பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்து வருஷம் பூராவும் படிப்பது நல்லதுதான். கிளி எடுத்துக் கொடுத்த சீட்டாக அதை நினைக்கும்போது வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

1998 டிசம்பர் 31 அன்று என் கைக்கு வந்தது ஏசாயா 54:2. உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு, உன் கயிறுகளை நீளமாக்கு என்கிற வசனம். தையல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூடாரம் என்றால் கடை, கயிறு என்றால் நூல் என்று நானே அர்த்தமும் போட்டுக்கொண்டேன். வில்லிவாக்கத்தில் இரண்டாவது கடைக்கு 30,000 ரூபாய் அட்வான்ஸ் பேசினேன். "இருக்கிற கடைக்கே சில மாசம் வாடகை இழுக்குது" என்று மனைவி தயங்கினாள். அந்த வசனத்தின் நடுவில் 'தடைசெய்யாதே' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அட்டையை அவள் முன்னால் நீட்டி அந்த வார்த்தையை விரலால் காட்டினேன். பாவம், அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை. ஆறு சவரன் நகையைக் கழற்றிக் கொடுத்தாள்.

நகை அடகுக்கடைக்குப் போனது. மீதிப் பணத்துக்குத் தண்டல். 10,000 என்று பேசினால் கையில் 8,500 வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நான் இரண்டு தண்டல் வாங்கினேன். சபையில் மூத்தவர் ஒருவர் என்னிடம் துணி தைக்கக் கொடுப்பார். அவர் மட்டும், "கணக்குப் பார்த்தியா தம்பி?" என்று கேட்டார். "விசுவாசம் கணக்குப் பார்க்காது அண்ணே" என்றேன். சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

கடை தீபாவளி சீசன் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்டில் மூடினேன். நகை ஏலத்தில் போனது. தண்டல்காரர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஆலய வாசலுக்கே வந்துவிடுவார். ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் நான் பின்வாசல் வழியாக நழுவுவேன். அப்போது என் சட்டைப் பையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று வசன அட்டை. இன்னொன்று கட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குகிற தண்டல் அட்டை.

வியாபாரம் நஷ்டமாவது உலகத்தில் நடக்கிறதுதான், அது பாவம் ஆகாது. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கடனை நான் வாங்கினேன், ஆண்டவரை ஜாமீன்தாரர் ஆக்கினேன். அவர் கையெழுத்தை நானே போட்டேன். தவணை தவறியதும் அவர்மேல் கோபப்பட்டு இரண்டு வருஷம் சபைப் பக்கமே போகவில்லை. அவர் எந்தத் தவணையும் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பாபிலோனுக்குப் போன ஜனத்தை நினைத்துச் சீயோனுக்குச் சொன்ன ஆறுதல் ஏசாயா 54. அதில் வில்லிவாக்கம் இல்லை.

பையன் கொண்டுவந்த எரேமியா 29:11க்கு வருவோம். அட்டையில் வருகிற சமாதானம், நல்ல முடிவு எல்லாம் உண்மைதான். அதற்கு முந்தின வசனத்தை மட்டும் எந்த அட்டையும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பப் பண்ணுவேன் என்கிறது 10ஆம் வசனம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்புகிற நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்கு எரேமியா சொன்ன வேலை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன்னால் அறிவித்து, எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் உடைத்துப் போட்டார். கேட்டவர்களுக்கு யார் பெரிய விசுவாசியாகத் தெரிந்திருப்பார்? அனனியா அந்த வருஷமே இறந்தார். எழுபது வருஷம் எழுபது வருஷமாகவே இருந்தது.

எண்ணாகமம் 14ஐ ஒரே மூச்சில் படித்தால் இன்னும் தெளிவாகும். முதல் நாள் இஸ்ரவேல் ஜனங்கள் பயந்து கானானுக்குள் போக மாட்டோம் என்கிறார்கள். மறுநாள் காலையில் அவர்களே, இதோ போகிறோம் என்று மலையேறத் துணிகிறார்கள். கர்த்தர் உங்கள் நடுவில் இல்லை, ஏறாதீர்கள் என்று மோசே கெஞ்சியும் கேட்கவில்லை. அமலேக்கியரும் கானானியரும் அவர்களை ஓர்மா வரைக்கும் துரத்தித் துரத்தி அடித்தார்கள். பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த மலையேற்றமும் தைரியம் போலத்தான் இருந்திருக்கும்.

அதே கூட்டத்தில் இருந்தவர்தான் காலேப். கானானை வேவு பார்க்கப் போனபோது வயது 40. மலைநாட்டைத் தாரும் என்று யோசுவாவிடம் வந்து கேட்டபோது 85. இடையில் இருந்த 45 வருஷத்தில் முக்கால் பங்கு, அவர் செய்யாத, மற்றவர்கள் போக மறுத்த குற்றத்துக்காக வனாந்தரத்தில் சுற்றியது. கர்த்தரை உத்தமமாய்ப் பின்பற்றினேன் என்று அவர் சொல்வது அந்த 45 வருஷத்தையும் சேர்த்துத்தான். நாம் அந்த மலையை மட்டும் அட்டையில் அச்சடிக்கிறோம்.

வாக்குத்தத்தத்தை இடம் பொருள் பார்க்காமல் உருவி, 'இதை நம்பிக் குதி' என்று சொன்ன ஒருவன் வேதத்திலேயே இருக்கிறான். மத்தேயு 4. தேவாலயத்து உப்பரிகை. சங்கீதம் 91. சொன்னவன் சாத்தான். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரோ இயேசு. நான் புல்லரித்துச் சொன்ன பதில் இவர்களில் யார் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மனிதர்களும் இதில் தப்பவில்லை. வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் நம் வேப்பேரியில் ஊழியம் செய்தவர். பணத்தைக் கடன் கொடுத்து மாட்டிக்கொண்டு, முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791இல் இறந்தார். அவருடைய பக்தியில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பக்தி வேறு, வட்டிக் கணக்கு வேறு.

விசுவாசத்தில் துணிந்து இறங்கவே கூடாதா என்று பையன் கேட்டான். தாராளமாக இறங்கலாம். தானியேல் 3இல் அக்கினிச் சூளை முன்னால் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்றார்கள். உன் திட்டத்தில் அந்த 'போனாலும்' எங்கே இருக்கிறது என்று கேட்டேன். என் 1999 திட்டத்தில் அது இல்லை.

மருந்தை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். பவுல் கூடவே இருந்த லூக்கா வைத்தியர்.

அடுத்தவர் விசுவாசத்துக்கு மார்க் போடுவது

"உங்களுக்கு விசுவாசம் பத்தல சிஸ்டர்." பிள்ளை ஐ.சி.யு.வில் கிடக்கும்போது ஒரு தாயிடம் இப்படிச் சொன்ன ஆளை எனக்குத் தெரியும். அந்தத் தாய் இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. மாற்கு 9இல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று அழுகிறார். பாதி மார்க் என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. மாற்கு 2இல் நாலு பேர் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத ஒருவனைக் கட்டிலோடு இறக்கினார்கள். இயேசு பார்த்தது அவர்கள் விசுவாசத்தை. ஒருவருக்குக் குறைச்சலாக இருப்பதாகத் தோன்றினால் கட்டிலின் ஒரு முனையைப் பிடியுங்கள்.

ஜெபம் பண்ணிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்காவுக்கு, கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. ஓர் அலுவலகத்தில் அவரை அலையவிட்டார்கள். பெயரில் ஒரு எழுத்துத் தப்பு என்றார்கள். அடுத்த தடவை ஃபைல் சீட்டில் இல்லை என்றார்கள். "ஜெபம் பண்ணியாச்சுல்ல அக்கா, கர்த்தர் பார்த்துப்பாரு, சும்மா இருங்க" என்று ஒரு தம்பி புத்தி சொன்னான். அக்கா கேட்கவில்லை. பதினேழு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன்னால் மாடியில் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

லூக்கா 18இல் வரும் விதவையும் அப்படித்தான், நியாயாதிபதியின் வாசலை விடவில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ணுவதற்கு இயேசு எடுத்த உதாரணமே நடையாய் நடந்த ஒரு பெண். லூக்கா 11இல் நடுராத்திரி மூன்று அப்பம் கேட்டுக் கதவைத் தட்டுகிற சிநேகிதன் வருகிறான். நம் வேதாகமத்தில் 'வருந்திக் கேட்கிறது' என்று இருக்கும் இடத்தில் கிரேக்கச் சொல்லுக்குப் பச்சையான அர்த்தம் வெட்கமின்மை. அப்பமும் அவனுக்கு இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு. அதையும் கவனியுங்கள்.

சந்தேகமே வராதவர் போல நடிப்பது

நம் ஊருக்கு வந்ததாகப் பாரம்பரியம் சொல்கிற அப்போஸ்தலன் யார்? சந்தேகத் தோமா. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் எல்லாம் அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இடங்கள்தான். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். அதற்கு முன்பே, வாருங்கள், அவரோடு நாமும் சாகப் போவோம் என்று யோவான் 11இல் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் மாடியில் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்ன யாரும் விட்டுப் போனதில்லை. பத்து வருஷம் "எல்லாம் நல்லாயிருக்கு பிரதர்" என்று மட்டுமே சொன்ன இரண்டு பேர் ஒரு நாள் சொல்லாமலே நின்றுவிட்டார்கள்.

சாட்சி சொல்ல அவசரப்படுவது

பணம் கணக்கில் ஏறட்டும். அப்புறம் மைக்கைப் பிடியுங்கள்.

பையன் இன்னும் பேப்பர் போடவில்லை. போன வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, ஒரு நோட்டுத் தாளை மடித்துக் கொண்டுவந்தான். அட்வான்ஸ், வாடகை, ரேக், பில் போடுகிற மெஷின், ஆறு மாசத்துக்கு வீட்டுச் செலவு என்று வரிசையாக எழுதியிருந்தான். கட்டிங் டேபிளில் விரித்து வைத்து இரண்டு பேரும் கூட்டினோம். கரண்ட் பில்லை எழுத மறந்திருந்தான்.