‘விழப்போற பல்லுதான!’ என்று விட்டுவிட்டு, பிறகு படும் பாடு

என் அக்கா மகளுக்கு அப்போது இரண்டரை வயது. திருமங்கலத்தில் அவர்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். எதற்கோ அண்ணாந்து சிரித்தபோதுதான் வெயிலில் கவனித்தேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு. ஓரத்துப் பல்லில் அந்தக் கோடு டீக்கறை நிறத்துக்கு மாறியிருந்தது.

“பால் கறைடா, தேச்சாப் போயிரும்” என்றாள் அக்கா. குழந்தையின் அப்பத்தா, “விழுந்து முளைக்கப்போற பல்லுதான தம்பி, இதுக்குப் போயி ஆராய்ச்சி பண்றீகளே” என்று சிரித்தார். சரி, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் அந்த ஓரத்துப் பல் பாதியாக உடைந்தது. ராத்திரி வலியில் பிள்ளை தூங்காமல், வீடே தூங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் அபூர்வம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, பால்பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகம் முழுக்க 51 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டு மக்கள்தொகையைப் போல ஏழு மடங்கு. நூறு குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் 43 பேர் வாயில் சொத்தை இருக்கும். இத்தனை பேருக்கு வருவதாலேயே, ‘எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதானே’ என்று நமக்குப் பழகிவிட்டது. நாம் செய்கிற முதல் தப்பு அதுதான். சளி, காய்ச்சல் போல இது வந்துதான் தீரவேண்டிய நோய் இல்லை. பெரும்பாலும் தடுத்துவிடக் கூடியது.

‘விழப்போற பல்’ கணக்கையும் பார்த்துவிடுவோம். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். ஆனால் பால்பற்களிலேயே பின்னால் இருக்கும் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். மூன்று வயதில் சொத்தையானால் மிச்சம் ஏழெட்டு வருடம் அந்தப் பிள்ளை எதை வைத்து மெல்லும்? தவிர, கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே பால்பல்தான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. துண்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு வருகிற பல் கோணலாக வரலாம். பால்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லையே அது கெடுத்துவிடலாம்.

இனி எங்கள் வீட்டின் பெரிய தவறுக்கு வருகிறேன்: ராத்திரிப் பால் பாட்டில்.

அக்கா மகள் பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டாள். இரண்டு ஸ்பூன் சீனி போட்ட பால். குடித்துக்கொண்டே கண்ணை மூடுவாள். ரப்பர் வாயிலேயே இருக்கும். நடுவில் சிணுங்கினால் இன்னும் இரண்டு மடக்கு. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் பல்லைக் கழுவிக்கொண்டே இருப்பதும், கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை மட்டுப்படுத்துவதும் இந்த எச்சில்தான். அது இல்லாத நேரத்தில் சீனிப்பால் மணிக்கணக்கில் பல்லில் தேங்கி நின்றால், கிருமிகளுக்கு விடிய விடிய விருந்து. சப்பும்போது நாக்கு கீழ்முன்பற்களை மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடும்; பாலில் ஊறுவதெல்லாம் மேல்வரிசை. அதனால்தான், பல் டாக்டர் அம்மா வாயைப் பார்த்த மாத்திரத்தில், “பாட்டிலோட தூங்குறாளா?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பாட்டிலை வாங்கிக் கொடுத்ததே தாய்மாமன் நான்தான்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு ரெண்டுபடும். அதனால் முதலில் சீனியைக் குறைத்து, அப்புறம் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவந்தோம். வெறும் தண்ணீர் பாட்டிலில் அவளுக்கே சுவாரஸ்யம் போய்விட்டது. ஒரு வயது தாண்டினாலே பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றிவிடுவது நல்லது. தாய்ப்பாலை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். முதல் ஒரு வருடம் அதனால் பல்லுக்குக் கேடு இல்லை. அழாமல் இருக்க ரப்பரில் தேன் தடவிக் கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் வேறு காரணங்களுக்காகவும் ஆகாது.

அடுத்தது இனிப்பு. மதுரையில் இருந்துகொண்டு இனிப்பே கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் கொடுக்காது. சித்திரைத் திருவிழாவில் குடிக்கும் ஒரு ஜிகர்தண்டா பல்லைக் கெடுத்துவிடாது. எவ்வளவு என்பதும் முக்கியம்தான், ஆனால் எத்தனை தடவை என்பதை நாம் எண்ணுவதே இல்லை. இனிப்பு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் சுமார் அரை மணி நேரம் பல்லின் மேல் அமிலம் வேலை செய்யும். பிறகு எச்சில் வந்து மெல்லச் சரிசெய்யும். ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை உட்கார்ந்த இடத்தில் தின்று முடித்தால் ஒரு அரை மணி நேரம். அதையே ஒன்றொன்றாக நாள் முழுக்கக் கொடுத்தால் எச்சிலுக்கு ஓய்வே கிடையாது. எங்கள் வீட்டில் மிட்டாய் கூடக் குறைவுதான். அழுதால் ஒரு பிஸ்கட், பஸ் ஏறினால் ஒரு பிஸ்கட், போன் பேச வேண்டுமென்றால் ரெண்டு பிஸ்கட். மிட்டாய் கரைந்து போய்விடும், பிஸ்கட் மாவாகிக் கடைவாய்ப் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். தின்பண்டம் எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது மேல்.

யாரும் சந்தேகப்படாத இன்னொரு இனிப்பு, மருந்து சிரப். பல சிரப்புகளில் சர்க்கரை உண்டு. ராத்திரி மருந்து கொடுத்து அப்படியே படுக்கப்போட்டால் பாட்டில் கதைதான். கொஞ்சம் தண்ணீர் குடிக்கவைத்து, பல்லைத் துடைத்துவிட்டால் போதும்.

பல் விளக்குவதில் நாம் காலையில் கெட்டிக்காரர்கள். பல் விளக்காமல் காபி கொடுக்காத வீடுகளிலும் ராத்திரி யாரும் பிரஷைத் தொடுவதில்லை. குழந்தைக்கு ராத்திரி விளக்குவதுதான் அதிக முக்கியம். அதையும் பிள்ளை கையில் கொடுத்து, ‘அவளே விளக்கிருவா’ என்று பெருமைப்படக் கூடாது. ஏழெட்டு வயது வரை கை அவ்வளவு படியாது. குழந்தையின் தலையை மடியில் சாய்த்துவைத்துக்கொண்டு நாமே விளக்கிவிட வேண்டும். முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே தொடங்கலாம். பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்க வேண்டும்; அதன் அளவு அட்டையில் 1000 பிபிஎம் (ppm) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் விற்பதற்காக. கரித்தூள், செங்கல்பொடி வேண்டவே வேண்டாம்; பால்பல்லின் எனாமல் பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி கனம்தான்.

பல்லில் பூச்சி என்று கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. பல்லுக்குள் நெளிகிற புழு எதுவும் கிடையாது. இருப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி, அது புகைக்கு அசையாது.

கடைசியாக, வீங்கின பிறகு டாக்டரிடம் ஓடுவது. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அந்த வெள்ளைக் கோடு கட்டத்திலேயே போயிருந்தால் ஃபுளோரைடு பூச்சிலேயே திரும்ப உறுதியாக்கப் பார்த்திருக்கலாம் என்று அந்த டாக்டர் அம்மா சொன்னபோதுதான் வாசல்படி வெயில் எனக்கு ஞாபகம் வந்தது. குழி விழுந்த பற்களுக்கு வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்து ஒன்றைத் தடவினார். ஊசி, மெஷின் எதுவும் இல்லை. சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். என்ன, அந்த இடம் கறுத்துப்போகும். “பொட்டப்பிள்ளைக்குப் பல்லு இப்படிக் கறுத்துருச்சே” என்று அப்பத்தா புலம்பினார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்து அது. மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவதைவிடக் கறுப்பு எவ்வளவோ பரவாயில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. “டேய், கடைசில ஒரு பெரிய பல்லு முளைக்குது. ஆனா எந்தப் பல்லும் விழலையே?” அது எதுவும் விழாமல் பின்னால் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப்பல், பால்பல் என்று நினைத்துப் பலரும் கோட்டை விடுகிற இடம். ராத்திரி பிரஷை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுத் தேய்க்கச் சொன்னேன்.