விதவையின் மூன்றில் ஒரு பங்கு: இடைக்கால இங்கிலாந்தின் நில உரிமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1360 நவம்பரில் எலிசபெத் டி பர்க் இறந்தபோது அவருக்கு வயது 65. மூன்று கணவர்களைப் பறிகொடுத்தவர். மூன்றாமவர் 1322-இல் போனபோது எலிசபெத்துக்கு இருபத்தாறுதான். மீதி 38 ஆண்டுகள் மறுமணம் செய்யாமல் பெரும் பண்ணைகளை நிர்வகித்தார்; கேம்பிரிட்ஜில் இன்று கிளேர் என்ற பெயரில் நிற்கும் கல்லூரிக்கும் அள்ளிக் கொடுத்தார். அவர் கண்மூடியதும் கையிலிருந்த நிலம் ஒரே இடத்துக்குப் போகவில்லை. பெரும்பகுதி பேத்திக்குப் போனது. ஒரு பகுதி இரண்டாம் கணவரின் வாரிசுகளுக்குப் போக வேண்டியது. அந்த வாரிசுகளில் அவருடைய முதல் தாரத்துப் பெண்களின் வழியினரும் உண்டு. மூன்றாம் கணவருக்குத் தான் பெற்ற மகளுக்கோ, எலிசபெத்தின் பிறந்தவீட்டு நிலத்தில் ஒரு காணிகூட இல்லை.

இதைப் படித்துவிட்டு ‘கல்நெஞ்சக்காரி, சொந்த மகளையே ஒதுக்கிவிட்டாள்’ என்று எழுதினால் அதுதான் முதல் தவறு. அந்த நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரமே அவர் கையில் இல்லை. இடைக்கால இங்கிலாந்தின் விதவையைப் பற்றிப் படிக்கும்போதும், நாவல் எழுதும்போதும், வம்சாவளி தேடும்போதும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரே கேள்விதான்: இது எந்த வழியாக அவள் கைக்கு வந்தது? பிறந்தவீட்டுப் பரம்பரையாகவா, தந்தை கொடுத்த சீதனமாகவா, கணவன் இறந்தபின் வந்த பங்காகவா, இருவர் பெயரிலும் சேர்த்து எழுதியதாகவா? வந்த வழியை வைத்துத்தான் அது போகும் வழி.

கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் வரும் பங்குக்கு, பொதுவாக மூன்றில் ஒன்று, ஆங்கிலத்தில் ‘டவர்’ என்று பெயர். செல்போன் டவர் நினைவுக்கு வந்து தொலைக்கும் என்பதால் இங்கே விதவைப் பங்கு என்றே சொல்கிறேன். இதையும் வரதட்சணையைக் குறிக்கும் ‘டவ்ரி’யையும் ஒன்றாக்கிக் குழப்புவதுதான் எங்கும் காணும் பிழை. வரதட்சணை பெண்வீட்டிலிருந்து போவது. விதவைப் பங்கு மாப்பிள்ளை வீட்டு நிலத்திலிருந்து வருவது. திசையே நேர் எதிர். பெண்ணின் தந்தை கொடுத்த நிலத்துக்கு அங்கே ‘மரிட்டாஜியம்’ என்று தனிப் பெயர் இருந்தது, நம் சீதனத்துக்குப் பக்கத்தில் வரும். குழப்பத்துக்கு லத்தீனும் ஒரு காரணம்: ‘டோஸ்’ என்ற ஒரே சொல் ரோமானியச் சட்டத்தில் பெண் கொண்டுபோவதையும், ஆங்கிலச் சட்டத்தில் கணவன் மனைவிக்கு ஒதுக்குவதையும் குறித்தது. 1180-களின் இறுதியில் எழுதப்பட்ட, கிளான்வில் என்ற பெயரில் வழங்கும் சட்ட நூலே இதை எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறது. இந்தியச் சட்டப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு இன்னொரு பொறி. அங்கே இஸ்லாமியத் திருமணத்தின் மஹரையும் ஆங்கிலத்தில் இதே ‘டவர்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். மஹர் மனைவிக்கே சொந்தமாகிவிடுவது. ஆங்கிலேய விதவையின் பங்கு அப்படியல்ல.

எப்படியல்ல என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது ஆயுட்கால அனுபவ உரிமை மட்டும். நம் ஊர் செட்டில்மெண்ட் பத்திரங்களில் ‘ஆயுட்காலம் வரை அனுபவித்துக் கொண்டு, எவ்வித வில்லங்கத்துக்கும் உட்படுத்தாமல்’ என்று வருமே, ஏறக்குறைய அது. குத்தகைப் பணம், விளைச்சல், மில்லின் வருமானத்தில் மூன்றில் ஒன்று எல்லாம் அவளுக்கு. நிலத்தை விற்க முடியாது. விற்றால், 1278-இன் கிளாஸ்டர் சட்டப்படி, அவள் சாகும்வரை காத்திராமல் உடனே வழக்குப் போட்டு வாரிசு மீட்டுக்கொள்ளலாம். மரங்களை வெட்டித் தள்ளினாலும் கட்டடத்தைப் பாழாக்கினாலும் வாரிசு நீதிமன்றம் போகலாம். உயிலில் எழுதிவைக்கக்கூடியது நிலத்தில் நிற்கும் பயிரைத்தான். அதையும் 1236-இன் மெர்ட்டன் சட்டம்தான் ஐயமறச் சொன்னது.

ஆக, விதவை இறந்ததும் அந்தப் பங்கு அவளுடைய வாரிசுக்குப் போகாது. கணவனின் வாரிசுக்குத் திரும்பும். பெரும்பாலும் இருவருக்கும் வாரிசு ஒரே மகனாக இருந்ததால் வித்தியாசம் வெளியே தெரியவில்லை. இரண்டாம் தாரமாக வந்தவள் என்றால் உடனே தெரிந்துவிடும்: முதல் தாரத்து மகன், அதாவது மாற்றாந்தாயோடு ஜென்மப் பகை உள்ளவன்கூட, அவள் இறந்த மறுநாள் வந்து நிலத்தை எடுத்துக்கொள்வான். அவளுடைய மறுமணத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வம்சாவளி தேடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுவே. அரசனிடம் நேரடியாக நிலம் வைத்திருந்தவர் இறந்தால், எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஜூரிகளைக் கூட்டி விசாரணை நடத்துவார்: இறந்தவர் கையில் என்னென்ன நிலம், எந்த உரிமையில், ஆண்டு மதிப்பு என்ன, அடுத்த வாரிசு யார், வயது என்ன. இந்தப் பதிவேடுகள் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன, தங்கச் சுரங்கம். ஒரு விதவையின் பதிவில் இரண்டு மூன்று வாரிசுகள் வரலாம். இந்தப் பண்ணை முதல் கணவர் வழி, அதற்கு இன்னார். அந்தப் பண்ணை இரண்டாம் கணவர் வழி, அதற்கு வேறொருவர். மற்றது அவளுடைய சொந்தப் பரம்பரை, அதற்கு அவள் மகன். அவசரத்தில் படிப்பவர் மூவரையும் அவள் வயிற்றுப் பிள்ளைகளாக்கி, இல்லாத சகோதரர்களை வம்சப் படத்தில் வரைந்துவிடுகிறார். பெயரை நம்பியும் போக முடியாது. உயர்ந்த இடத்துக் கணவனின் பெயரை அடுத்த திருமணத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்வது சகஜம். எலிசபெத்தே மூன்று கணவர்களுக்குப் பிறகும் முதல் கணவரின் பெயரில்தான் அறியப்படுகிறார்.

சரி, அவர் வழக்குக்கு வருவோம். எலிசபெத்தின் அண்ணன் கில்பர்ட் டி கிளேர், கிளாஸ்டர் பிரபு, 1314-இல் பானக்பர்ன் போரில் பிள்ளையில்லாமல் மாண்டார். சொத்து மூன்று சகோதரிகளுக்கும் பிரிய வேண்டும். ஆனால் கில்பர்ட்டின் மனைவி மாட் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். மாதங்கள் போயின, ஆண்டுகளும் போயின, குழந்தை வரவில்லை. 1317-இல்தான் பாகப்பிரிவினை நடந்தது. அப்போதும் மாட்டின் விதவைப் பங்கு ஒதுக்கியே வைக்கப்பட்டது. 1320-இல் அவர் இறந்தபின் அதுவும் சகோதரிகளுக்கே வந்தது. இப்படி வந்த கிளேர் நிலம்தான் எலிசபெத்தின் பரம்பரை. அது அவருடைய ரத்த வாரிசுக்குப் போகும், அதிலும் மகன் இருந்தால் மகள்களுக்கு இடமில்லை. முதல் கணவர் ஜான் டி பர்க்குக்குப் பிறந்த மகன் வில்லியம் 1333-இல் கொலையுண்டார். அவருடைய ஒரே மகள் தந்தையின் இடத்தில் நின்று எல்லாவற்றையும் பெற்றார். இரண்டாம் கணவர் தியோபால்ட் டி வெர்டனின் நிலத்தில் கிடைத்தது விதவைப் பங்கு. தியோபால்டுக்கு நான்கு பெண்கள், அவர்களில் மூவர் முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள். மூன்றாம் கணவர் ரோஜர் டாமரி அரசனுக்கு எதிரான கலகத்தில் துரோகியாகத் தீர்ப்புப் பெற்று இறந்தார். துரோகியின் மனைவிக்கு விதவைப் பங்கு கிடையாது. அந்தச் சமயத்தில் எலிசபெத்தின் சொந்த நிலமும் சில மாதங்கள் அரசன் பிடியில் இருந்தது.

இதே குடும்பத்தில் ஒரு தலைமுறை முந்திப் போனால், ‘விதவைக்கு எப்போதும் மூன்றில் ஒன்றுதான்’ என்ற நினைப்பும் உடைகிறது. எலிசபெத்தின் தாய் ‘ஏக்கர் ஜோன்’ (ஏக்கர் அவர் பிறந்த நகரம், நில அளவு அல்ல), முதலாம் எட்வர்ட் மன்னரின் மகள். 1290-இல் திருமணத்தின்போது மாப்பிள்ளை தன் நிலம் முழுவதையும் மன்னரிடம் ஒப்படைத்து, தம்பதி இருவர் பெயரிலும் சேர்த்துத் திரும்ப வாங்கினார், நம் ஊர்க் கூட்டுப் பட்டா போல. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஜாயின்ச்சர்’ என்று பெயர். அதனால் 1295-இல் அவர் இறந்தபோது ஜோனுக்கு மூன்றில் ஒன்று அல்ல, முழுதும். ஜோன் 1307-இல் இறக்கும்வரை மகன் கில்பர்ட்டுக்குத் தந்தையின் நிலம் கைக்கு வரவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் பெரிய குடும்பங்களிடையே இந்தக் கூட்டு உரிமை பரவலாகிவிட்டது. இதைக் கவனிக்காமல் வருமானத்தை மூன்றால் வகுத்துப் போடும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

மூன்றில் ஒன்று என்பதிலும் எதில் மூன்றில் ஒன்று என்று கேட்க வேண்டும், விடை காலத்துக்குக் காலம் மாறியது. கிளான்வில் காலத்தில் தேவாலய வாசலில், திருமணத்தன்று, மணமகன் இன்ன நிலம் என்று பெயர் சொல்லி ஒதுக்குவான். அன்று அவனிடம் இருந்ததில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 1217-இல் திருத்தி வெளியிட்ட மாக்னா கார்ட்டா, கணவனின் வாழ்நாளில் அவனுடையதாக இருந்த நிலம் அனைத்திலும் மூன்றில் ஒன்று என்றது, வாசலில் குறைவாகப் பேசியிருந்தாலொழிய. பலர் 1215-இன் மூலத்திலேயே இந்தக் கணக்கு இருப்பதாக எழுதுகிறார்கள்; அதில் இல்லை. அதில் இருப்பது, விதவை கணவன் வீட்டில் 40 நாள் தங்கலாம், அதற்குள் பங்கைப் பிரித்துத் தர வேண்டும், அவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை.

கணவன் இடையில் விற்றுவிட்ட நிலத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு. நிலம் வாங்குபவனுக்கு இதைவிடப் பெரிய வில்லங்கம் கிடையாது. இருபது ஆண்டுக்கு முன் பணம் கொடுத்து வாங்கிச் சுவாதீனத்தில் இருப்பவன் வீட்டுக்கு, விற்றவனின் விதவை ரிட்டோடு வந்து நிற்பாள். இதற்குப் பயந்த புத்திசாலிகள், அரசனின் நீதிமன்றத்தில் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ‘ஃபைன்’ எனப்படும் ஒப்பந்தம் எழுதினார்கள். நீதிபதி மனைவியைத் தனியாக அழைத்து, சம்மதம்தானா, யாரும் மிரட்டவில்லையே என்று கேட்பார். வெளியே காத்திருக்கும் கணவனுக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு கதை.

மறுமணம் செய்தால் பங்கு போய்விடும் என்பது அடுத்த தவறு. பொதுச் சட்டப்படி போகாது. புதுக் கணவன் அவள் உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிப்பான். பணக்கார விதவைகளைச் சுற்றி வாலிபர்கள் வட்டமிட்டதற்குக் காரணம் இதுதான். அரசனிடம் நிலம் வைத்திருப்பவள் என்றால் அவனுடைய அனுமதி வேண்டும், அவ்வளவே. ஜோன் 1297-இல் தன் வீட்டுச் சாதாரண வீரர் ரால்ஃப் டி மான்தெர்மரை ரகசியமாக மணந்தபோது தந்தையே நிலத்தைப் பறித்து மாப்பிள்ளையைச் சிறையில் போட்டார், அப்புறம் சமாதானமாகித் திருப்பிக் கொடுத்தார். விதிவிலக்குகளும் உண்டு. கென்ட் பகுதியின் கேவல்கைண்ட் வழக்கத்தில் விதவைக்குப் பாதி நிலம், ஆனால் மறுமணம் செய்யாமலும் ஒழுக்கம் தவறாமலும் இருக்கும்வரை மட்டும். கிராமத்துக் குடியானவர் வீடுகளில் அந்தந்தப் பண்ணையின் வழக்கமே சட்டம்.

பங்கை உண்மையில் பறித்தது வேறொன்று. 1285-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், கணவனை விட்டு ஓடிப்போய் இன்னொருவனோடு வாழ்ந்த மனைவிக்கு, கணவன் மனமுவந்து திரும்ப ஏற்றாலொழிய, பங்கு இல்லை என்றது. ஜான் டி கமோய்ஸ் என்பவர் தன் மனைவி மார்கரெட்டை வில்லியம் பேனலுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுத்துப் பத்திரமே போட்டுக் கொடுத்தார், ஏதோ மாட்டை விற்பதுபோல. அவர் இறந்தபின் மார்கரெட்டும் வில்லியமும் மணந்துகொண்டு விதவைப் பங்கு கேட்டார்கள். கணவனே எழுதிக்கொடுத்தது எப்படிக் குற்றமாகும் என்பது அவர்கள் வாதம். நாடாளுமன்றம் 1302-இல் தள்ளுபடி செய்தது.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரே குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் விதவையானால், ஆளுக்கு மூன்றில் ஒன்று போய் வாரிசுக்கு மூன்றில் ஒன்று மிஞ்சும் என்று போடுகிறார்கள். விதவைப் பங்கிலிருந்து விதவைப் பங்கு கேட்க முடியாது என்பது விதி. 900 ஏக்கர் என்றால் மாமியாருக்கு 300. மிச்சம் 600-இல் மருமகளுக்கு 200. பேரனுக்கு 400.

அந்த 400-ஏ பெரிது என்று நார்ஃபோக் பிரபுக்கள் சொல்லியிருப்பார்கள். அங்கே 1432-இல் இரண்டாம் பிரபு இறந்தபோது, 1405-இல் இறந்த அவருடைய அண்ணனின் விதவை இன்னும் உயிரோடு இருந்தார், 1437 வரை. அதோடு புது விதவை கேத்தரின் நெவில். இவருக்கு விதவைப் பங்கும் உண்டு, கூட்டுப் பெயரில் எழுதிய நிலமும் உண்டு. கேத்தரின் மேலும் மூன்று முறை மணந்தார். நான்காவது திருமணம் 1465-இல், மணமகள் அறுபதைத் தாண்டியவர், மணமகன் ஜான் உட்வில்லுக்கு இருபது வயதை ஒட்டி. அக்காலத்துக் குறிப்பு ஒன்று அதைப் ‘பேய்த்தனமான திருமணம்’ என்றது. அந்த வாலிபரும் 1469-இல் வெட்டுப்பட்டுச் செத்தார். மகன் மூன்றாம் பிரபு 1461-இல் போனார், பேரன் நான்காம் பிரபு 1476-இல், கொள்ளுப்பேத்தி ஆன் 1481-இல், எட்டு வயதில். நேர்வழியில் காத்திருக்க யாரும் மிஞ்சவில்லை. கேத்தரின் 1483 வரை தன் பங்கை அனுபவித்துக்கொண்டிருந்தார்.