இவ்ரேயா ஆரஞ்சுப் போர்: சிவப்புத் தொப்பி கவசம் அல்ல

வட இத்தாலியில் தூரினுக்கு வடக்கே இருக்கும் சிறு நகரம் இவ்ரேயா. தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அங்கே ஆரஞ்சுப் போர். மாவு ஆலைக்காரரின் மகளான வியோலெத்தா கொடுங்கோலனின் தலையைக் கொய்த கதைதான் இதற்கு வேர். குதிரை வண்டிகளில் வருகிறவர்கள் கொடுங்கோலனின் ஆட்கள். தரையில் நிற்கும் 9 அணிகள் கிளர்ந்தெழுந்த மக்கள். இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் ஆரஞ்சுப் பழங்களை எறிவதுதான் போர். பழைய உடை, மாற்றுத் துணி என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. பார்க்க வரும் புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வலைக்கு வெளியே நிற்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எறியாதவர்கள் சிவப்புத் தொப்பி அணிய வேண்டும் என்பது விதி. 'இவரைக் குறிவைக்காதே' என்பதற்கான அடையாளம் அது, அவ்வளவுதான். புதியவர்களோ அதை மாட்டியதும் தங்கள்மேல் பழமே விழாது என்று நம்பிவிடுகிறார்கள். நான் தரையணியில் எறிகிறவன். சதுக்கத்துக்குள் வண்டி நுழைந்துவிட்டால், மேலே நிற்பவரின் தோல் முகமூடியைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படாது. குறி தவறிய பழம் வண்டியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். நெருக்கத்தில் படமெடுக்க வருகிறவர் போய் நிற்பதும் அந்த மறுபக்கத்தில்தான்!

சில ஆண்டுகளுக்கு முன் நண்பரின் தம்பி வந்திருந்தார். வலைக்குப் பின்னால் நில்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். வண்டி வந்ததும், "ஒரே ஒரு படம், அண்ணா" என்று வெளியே போய்விட்டார். கைப்பேசிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் சேர்த்து ஒரே பழம். இடக்கண் வீங்கி மூடிக்கொண்டது. அன்று மாலை என்னிடமே கேட்கிறார்: "தொப்பி போட்டிருந்தேனே, ஏன் அடித்தார்கள்?" அவரை யார் அடித்தார்கள்? கட்டடங்களின் முன்னால் அத்தனை வலை கட்டியிருப்பது அலங்காரத்துக்கா?

ஒரு வண்டி வெளியேறி அடுத்தது நுழைவதற்குள் இடைவெளி கிடைக்கும். சதுக்கத்தைக் கடப்பதும் படமெடுப்பதும் அப்போதுதான்.

கீழே கிடப்பதை எடுத்து எறிவது

பணம் கட்டி அணியில் சேர்ந்தவர்கள் மட்டுமே எறியலாம்.

வெள்ளைக் காலணி

ஆரஞ்சுச் சக்கையும் குதிரை லத்தியும் கலந்த சேறு. வேண்டாம்.

செவ்வாய் மாலையே ரயில் ஏறுவது

போர் முடிந்ததும் பலர் ரயில் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். உயரமான கம்பங்களைக் கொளுத்தும் சடங்கு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. புதன்கிழமைக்கு டிக்கெட் எடுங்கள். அன்று போர்கெத்தோ பகுதியில் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களியும் காட் மீனும் பரிமாறுவார்கள்.