இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

இருபடிச் சமன்பாட்டை, அதாவது தெரியாத எண்ணின் வர்க்கம் வரும் சமன்பாட்டைப் பார்த்ததும் நிறைய மாணவர்கள் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். விடை வந்துவிடுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சூத்திரம் கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் பெருக்க வையுங்கள்.

தெரியாத எண்ணை இங்கே ய என்று எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடம் அது. பழைய இந்தியக் கணித நூல்களிலும் தெரியாத எண்ணுக்கு 'யா' என்றுதான் போட்டார்கள். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்படும் 'யாவத்தாவத்' என்ற சொல்லின் முதலெழுத்து அது.

படி 1: பெருக்கி, பாதியில் நிறுத்துங்கள்

(ய + 2)(ய + 3) என்பதைப் பெருக்கச் சொல்லுங்கள். ய² + 3ய + 2ய + 6 என்று வந்ததும் நிறுத்துங்கள். 3ய, 2ய இரண்டையும் உடனே கூட்டவிடாமல், வட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கூட்டினால் ய² + 5ய + 6. அதாவது 2, 3 என்ற எண்களைக் கூட்டியது நடுவில் இருக்கிறது, பெருக்கியது கடைசியில் இருக்கிறது. காரணிப்படுத்துவது என்றால் இதே வழியில் திரும்பி வருவதுதான். இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: எண் சோடியைத் தேடுங்கள்

2ய² − 10ய − 48 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா உறுப்பிலும் 2 பொதுவாக இருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்துவிட்டால் 2(ய² − 5ய − 24). இதை மறந்துவிட்டுப் பெரிய எண்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் அதிகம்.

இப்போது பெருக்கினால் −24, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள் வேண்டும். மனதுக்குள் தேட வேண்டாம், தாளில் எழுத வையுங்கள்: (1, 24), (2, 12), (3, 8), (4, 6). பெருக்கல் பலன் குறை எண் என்பதால் ஒன்று மிகை, ஒன்று குறை. ஆகவே வித்தியாசம் 5 வரும் சோடியைப் பார்க்க வேண்டும். அது 3, 8. பெரிய எண்ணுக்கு நடு உறுப்பின் குறி: −8, +3. எனவே 2(ய − 8)(ய + 3).

படி 3: பூச்சியம் ஏன் வேண்டும்?

இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால், அவற்றில் ஒன்றாவது பூச்சியமாகத்தான் இருக்கும். எனவே 2(ய − 8)(ய + 3) = 0 என்றால் ய = 8 அல்லது ய = −3. வெளியே நிற்கும் 2 ஒருபோதும் பூச்சியமாகாது, அதனால் அதை விட்டுவிடலாம்.

இந்த நியாயம் பூச்சியத்துக்கு மட்டுமே உரியது. நான் சொல்லிக்கொடுத்த ஒரு மாணவி (ய − 1)(ய − 4) = 10 என்ற கணக்கில் ய − 1 = 10, ய − 4 = 10 என்று எழுதி 11, 14 என விடை கொடுத்தாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. 11-ஐப் பிரதியிட்டுப் பார் என்றேன். 10 × 7 = 70 என்று வந்ததும் அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 10 வேண்டுமென்றால் 5 × 2 ஆகவும் இருக்கலாம், 20 × ½ ஆகவும் இருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சரி, பெருக்கி ஒரே பக்கம் கொண்டுவருவோம்: ய² − 5ய − 6 = 0. இது (ய − 6)(ய + 1) = 0, ஆகவே ய = 6 அல்லது −1.

இதைப் போலவே, ய² = 7ய என்று இருந்தால் இருபக்கமும் ய-வால் வகுக்கவிடாதீர்கள். வகுத்தால் ய = 0 என்ற தீர்வு காணாமல் போய்விடும்.

படி 4: முன்னால் எண் இருந்தால்

6ய² + ய − 12. பொதுக் காரணி எதுவும் இல்லை. முதல் கெழுவையும், அதாவது ய²-க்கு முன்னால் நிற்கும் 6-ஐயும், கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: −72. கூட்டினால் 1 வர வேண்டும். அப்படியானால் 9, −8. நடு உறுப்பை உடைத்து எழுதுவோம்:

6ய² + 9ய − 8ய − 12

முதல் இரண்டில் 3ய வெளியே வரும்: 3ய(2ய + 3). அடுத்த இரண்டில்தான் சறுக்கல் அதிகம். −4-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 2ய + 3 நிற்கும். பல பேர் அங்கே 2ய − 3 என்று எழுதிவிட்டு, அடைப்புகள் ஒத்துவரவில்லையே என்று தவிப்பார்கள். −4-ஐ 3-ஆல் பெருக்கினால்தானே −12? ஒவ்வொரு முறையும் இப்படிப் பெருக்கிச் சரிபார்க்கப் பழக்குங்கள்.

(2ய + 3)(3ய − 4) = 0, எனவே ய = −3/2 அல்லது 4/3.

சோடியே அகப்படாவிட்டால்

ய² + 5ய + 3 = 0. பெருக்கினால் 3 வருவது 1, 3 மட்டும்தான், கூட்டினால் 4. மாணவர் தன் மேலேயே சந்தேகப்படத் தொடங்குவது இங்கேதான். நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழு, கடைசி எண் இரண்டின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழிக்கச் சொல்லுங்கள்: 25 − 12 = 13. இது முழு வர்க்கம் இல்லை, ஆகவே முழு எண்களில் சோடி கிடையாது. (படி 4-இல் இதே கணக்கு 1 + 288 = 289, அதாவது 17-இன் வர்க்கம். அதனால்தான் அங்கே கிடைத்தது.)

இப்போது சூத்திரத்தைத் திறக்கலாம்: ய = (−5 ± √13)/2. தோராயமாக −0.7, −4.3. குறியை மாற்றி 0.7, 4.3 என்று எடுத்துக் கூட்டச் சொல்லுங்கள், 5 வரும். பெருக்கினால் ஏறத்தாழ 3. நாம் தேடிய சோடி இதுதான். முழு எண்ணாக இல்லாததால் கண்ணில் படவில்லை.