கஸ்டம் கிட்டாருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

நெக், அதாவது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி, எவ்வளவு தடிமனாக வேண்டும் என்று கிட்டார் செய்பவர் கேட்டார். எனக்குப் பிடித்த வாசிப்பாளர் ஒருவரிடம் 1950களின் கிட்டார் இருக்கிறது, அதன் நெக் உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். "முதல் ஃப்ரெட்டில் 25 மில்லிமீட்டர்" என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்து அதைத்தான் பிடித்து வாசிப்பவன் போல. ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, வீணையின் மெட்டு மாதிரி. அப்போது என்னிடம் இருந்த கிட்டாரின் நெக் 21 மில்லிமீட்டர். அதையும் நான் அளந்து பார்த்தது, புதுக் கிட்டார் வந்து இரண்டு மாதம் கழித்து, கட்டைவிரலின் அடிப்பாகம் வலிக்கத் தொடங்கிய பிறகுதான். நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். செருப்பில் நாலு மில்லிமீட்டர் குறைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்து கொடுத்தவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டதைக் கேட்டபடி செய்தார். அவர் அனுப்பிய படிவத்தில் நாற்பது கேள்விகள் இருந்திருக்கும். அதில் முப்பதுக்கு நான் எழுதிய பதில் என் கை சொன்னது அல்ல, யாரோ சொல்லக் கேட்டது.

விலை அதிகமான கஸ்டம் எலக்ட்ரிக் கிட்டார் அந்த விலைக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், "எதை கஸ்டம் என்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான். இந்த ஒரு சொல்லை வைத்துக் கடைகளில் மூன்று வேறு வேறு பொருட்கள் விற்கிறார்கள். போதாததற்கு, கிப்சன் கம்பெனியின் 'லெஸ் பால் கஸ்டம்' என்பது 1954 முதல் இருக்கும் ஒரு மாடலின் பெயர். அது யாருக்கும் அளவெடுத்துச் செய்தது அல்ல. பெயரைப் பார்த்து அப்படி நினைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபெண்டர் கம்பெனி தன் கஸ்டம் ஷாப்பை 1987இல் கலிஃபோர்னியாவின் கொரோனாவில் தொடங்கியது. பி.ஆர்.எஸ் என்ற இன்னொரு கம்பெனியின் 'பிரைவேட் ஸ்டாக்' பிரிவு 1996இல் வந்தது. கிப்சனுக்கும் தனிப் பிரிவு உண்டு. இங்கெல்லாம் உங்களுக்கென்று ஒன்றைச் செய்யச் சொல்லலாம் என்பது உண்மை. ஆனால் கடையில் 'கஸ்டம் ஷாப்' சீட்டோடு தொங்கும் கிட்டார்களில் பல, பழைய காலத்துக் கிட்டார்களை நுணுக்கமாகப் பார்த்துச் செய்த பிரதிகள். பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தை மங்க வைத்து, ஐம்பது வருடம் வாசித்த மாதிரி ஆக்கித் தருவதற்குத் தனியாகக் காசு. அப்புறம் கீசல் போன்ற கம்பெனிகள்: மரம், நிறம், பிக்கப், நெக் என்று பட்டியலில் இருப்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம், பெரும்பாலும் பட்டியலைத் தாண்ட முடியாது. மூன்றாவதுதான் உண்மையில் தைத்துப் போடும் சட்டை. ஒருவரோ இருவரோ இருக்கும் பட்டறை, உங்கள் கையைப் பார்த்துச் செய்வது. முதல் வகைக்குப் பணம் கொடுத்துவிட்டு மூன்றாவது வகை கிடைத்ததாக நினைப்பதிலிருந்துதான் பாதி ஏமாற்றம் தொடங்குகிறது.

சரி, ஒலிக்கு வருவோம். சண்டை அதிகம் நடக்கும் இடம்.

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும். எஃகுத் தந்தி அந்தக் காந்தப்புலத்தில் அதிரும்போது கம்பியில் மின்சாரம் உண்டாகிறது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குப் போவது அதுதான். மரத்தின் ஒலியை வாங்க அங்கே மைக் கிடையாது. நாஷ்வில் நகரக் கிட்டார்க்காரர் ஜிம் லில் சில வருடங்களுக்கு முன் இதைச் சோதித்துப் படம்பிடித்துக் காட்டினார். கிட்டாரின் உடலையே எடுத்துவிட்டு, தந்திகளைப் பட்டறையில் இருந்தவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதே பிக்கப்பை அதே தூரத்தில் வைத்து வாசித்தார். விலை உயர்ந்த கிட்டாரின் ஒலிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கடினமாக இருந்தது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மரத்தின் எடையும் விறைப்பும் தந்தி எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதில் கொஞ்சம் கை வைக்கலாம். ஆனால் பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூடிரைவரால் ஒரு சுற்று மாற்றினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் கேட்கும். டோன் நாப்புக்கு அடியில் இருக்கும் மின்தடை 250 கிலோ ஓமா, 500 கிலோ ஓமா என்பதும் கேட்கும். மூன்று மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஒன்பது மீட்டர் கேபிள் போட்டால் மேல் சுரங்களின் பளபளப்பு மங்குவது கேட்கும். ஆம்ப்பில் ஸ்பீக்கரை மாற்றினால் வேறு கிட்டாரே வந்த மாதிரி இருக்கும்.

பழைய கதைகளும் இதையே சொல்கின்றன. ராக் கிட்டார்க்காரர் எடி வான் ஹேலன் 50 டாலருக்கு ஓர் உடலும் 80 டாலருக்கு ஒரு நெக்கும் வாங்கி, பழைய கிப்சன் ஒன்றிலிருந்து கழற்றிய பிக்கப்பை அதில் வைத்தார். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1970இல் நியூயார்க் கடை ஒன்றில் வாங்கிய சாதாரணத் தொழிற்சாலைச் சரக்கு. அதன் பாகங்களை வருடக்கணக்கில் மாற்றி மாற்றி வாசித்தார். 2019 ஏலத்தில் அது கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது.

அதனால் "இந்த மஹோகனி இருக்கிறதே, இதன் சூடான ஒலியே தனி" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காகக் கூடுதல் பணம் மட்டும் வேண்டாம். புலிவரி போல அலையடிக்கும் மேப்பிள் பலகை அழகு, சந்தேகமே இல்லை. அழகுக்குக் காசு கொடுப்பதும் தவறில்லை. நகைக்குக் கொடுப்பதில்லையா? ஒலிக்காகத்தான் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லும் பொய்யை நாமே நம்ப ஆரம்பிப்பதுதான் தவறு.

எல்லாத் தவறுகளிலும் அதிகம் செலவு வைப்பது வேறொன்று. செட்டப்பே, அதாவது நெக்கையும் தந்தி உயரத்தையும் சரிசெய்யும் வேலையே, பார்க்காத நம் முப்பதாயிரம் ரூபாய் கிட்டாரை, நன்றாகச் செட்டப் செய்த மூன்று லட்ச ரூபாய் கிட்டாரோடு ஒப்பிடுவது.

வீணை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுப் படுகையில்தான் நிற்கின்றன. காலப்போக்கில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சுரம் பிசகும். விவரமறிந்தவரைக் கூப்பிட்டு மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாக நிறுத்தச் சொல்வார்களே தவிர, வீணை கெட்டுவிட்டது என்று யாரும் புது வீணை வாங்கக் கிளம்புவதில்லை. கிட்டாருக்கும் மேளம் கட்ட வேண்டியிருக்கிறது. தந்தி அழுத்தத்தில் நெக் முன்னால் வளையும், அதை உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். நெக்கின் தலைப்பக்கம் இருக்கும் நட்டில் தந்தி உட்காரும் பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில் சுரம் ஏறிப் போகும், விரலும் வலிக்கும். விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் சொதப்புவது இந்த இடம்தான். உடலில் தந்தி முடியும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஃப்ரெட்டுகளின் உச்சி எல்லாம் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் தந்தியைத் தாழ்த்த முடியாது, ஏதாவது ஒரு ஃப்ரெட் இரையும். சென்னை மாதிரி ஊரில் ஏசி அறைக்கும் கடற்காற்றுக்கும் நடுவே மரம் வீங்கியும் சுருங்கியும், போன வருடம் செய்த செட்டப் இந்த வருடம் நிற்பதில்லை.

கஸ்டம் கிட்டாரைக் கையில் எடுத்ததும் 'ஆஹா' என்று இருப்பதன் ரகசியத்தில் பெரும்பங்கு இதுதான். யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஃப்ரெட்டுகளை மட்டம் பார்த்து, ஓரத்தை உருட்டி, மெருகேற்றியிருக்கிறார். பெரிய கம்பெனிகளில் சில, ஜெர்மனியின் பிளெக் இயந்திரத்தை வைத்து இதைச் செய்கின்றன. எப்படிச் செய்தாலும் அது வேலைக்கூலி. அந்தக் கூலியை நம் பழைய கிட்டாருக்கே கொடுக்கலாம். கையில் இருப்பது ஒரு யமஹா பசிஃபிகா என்றால்கூட, நல்ல ஆளிடம் கொடுத்து ஃப்ரெட் மட்டம் பார்த்து, நட்டை மாற்றி, முழு செட்டப்பும் செய்து மூன்று மாதம் வாசியுங்கள். என்னிடம் யோசனை கேட்ட சிலர் இதோடு நின்றுவிட்டார்கள். நிற்காதவர்களுக்கும் லாபம் உண்டு. எது குறைகிறது என்று அவர்களால் இப்போது சொல்ல முடிகிறது.

அப்படிச் சொல்ல முடிகிறவருக்குத்தான் அளவெடுத்துச் செய்யும் கிட்டார். எண்கள் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் ஃபெண்டரில் 648 மில்லிமீட்டர், கிப்சனில் ஏறத்தாழ 628. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் ஃபெண்டரில் ஆறு சதவீதம் இறுக்கம் அதிகம். தந்தியை வளைத்து வாசிப்பவரின் விரலுக்கு அது தெரியும். ஃப்ரெட்போர்டு குறுக்குவாட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது இன்னொன்று. பழைய ஃபெண்டர்களில் அதன் ஆரம் 7.25 அங்குலம், நல்ல வளைவு. கார்ட் பிடிக்கச் சுகமாக இருக்கும். தந்தியைத் தாழ்த்தி வைத்து மேல் ஃப்ரெட்டுகளில் முழுச்சுரம் வளைத்தால் அடுத்த ஃப்ரெட்டில் இடித்து ஒலி செத்துப்போகும். கிப்சனின் 12 அங்குலத்தில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. ராகம் வாசிப்பவர், கமகத்துக்காகத் தந்தியை இழுத்துக்கொண்டே இருப்பவர், தட்டையான போர்டும் உயரமான ஃப்ரெட்டும் கேட்டுச் செய்துகொண்டால் கொடுத்த காசு வீணாகாது.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சிகள் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நாலு ஜோடித் தந்திகள் கொண்ட மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனது அலங்காரத்துக்காக அல்ல. ஜோடித் தந்தியில் அவர் நினைத்த கமகம் வராது. விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் இருந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின் வாசித்தது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுத்த போர்டு. வீணையில் போலத் தந்தியைத் தாராளமாக இழுக்க வேண்டுமே. அது அக்கூஸ்டிக் கிட்டார்தான், ஆனாலும் விஷயம் ஒன்றே. அவர்களுக்கு வேண்டிய சுரம் ஏற்கெனவே காதில் இருந்தது, கடையில் இருந்த கருவி அதற்கு இடம் கொடுக்கவில்லை. இடதுகைக்காரர்கள், தோள்வலியால் மூன்று கிலோவுக்கு மேல் தூக்க முடியாதவர்கள், எட்டுத் தந்தி தேடுபவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள்.

மற்றவர்கள் ஆர்டர் கொடுக்கும்போது கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தது போல எல்லாவற்றையும் இலையில் போடச் சொல்கிறார்கள். மூன்று பிக்கப், ஒவ்வொன்றையும் பிரிக்க ஒரு சுவிட்ச், பிரிட்ஜுக்குள் பீசோ என்ற இன்னொரு வகைப் பிக்கப், பூட்டுப் போட்ட நட், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சிப்பியில் பெயரெழுத்து. மேடையில் இரண்டு சுவிட்சுக்கு மேல் யாரும் தொடுவதில்லை. விற்கப் போகும்போது அந்தப் பெயரெழுத்து கழுத்தை அறுக்கும். ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்க ஆள் எப்போதும் உண்டு, அதன் விலை ஊருக்கே தெரியும். தனி ஒருவர் பட்டறையில் உங்கள் ரசனைக்குச் செய்ததை, அந்த ரசனையும் அந்தப் பணமும் உள்ள இன்னொருவர் வந்தால்தான் தள்ள முடியும். முதலீடு என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோவில் செய்யும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமெரிக்காவில் 800 டாலருக்குச் சற்று முன்பின். கஸ்டம் ஷாப்பில் வாங்கினால் அதைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாது. பிரைவேட் ஸ்டாக் பத்தாயிரம் டாலரைத் தாண்டும். என் கணக்கில், விலை குறைந்த கிட்டாரிலிருந்து அந்த 800 டாலர் கிட்டாருக்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம்தான் பெரியது. அதற்கு மேல் போகப் போகக் கொடுப்பது கூடும், கிடைப்பது குறையும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி, ஜிஎஸ்டி, விமானச் செலவு, காப்பீடு எல்லாம் மேலே ஏறும். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கடுமையான பட்டியலில் இருக்கும் மரம், காகிதம் சரியில்லையென்றால் கிட்டார் சுங்கத்திலேயே நின்றுவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட், உலகெங்கும் ஃப்ரெட்போர்டாகப் போகிறது. அதிலேயே செய்யச் சொல்லலாம், ஒரு குறையும் வராது.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை நாலைந்துதான். அவர் ஐந்து வருடத்துக்கு முன் செய்த கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்க்க முடியுமா? புதுக் கிட்டார் எதுவும் அழகாகத்தான் இருக்கும், நாலைந்து மழைக்காலம் பார்த்த நெக்தான் அவர் கைவேலையைச் சொல்லும். எடை ஒப்புக்கொண்டதைவிட அரை கிலோ கூடினால் என்ன செய்வார்? எப்போது கிடைக்கும், தாமதமானால் என்ன? பிறகு நெக் திருகிக்கொண்டால் யார் செலவு? இவ்வளவும் எழுத்தில் வேண்டும். நெக்கின் வடிவத்துக்கு எண் சொல்வதைவிட, உங்களுக்குப் பிடித்த கிட்டாரை நேரில் எடுத்துப் போய் "இது மாதிரி" என்று அவர் கையில் கொடுப்பது மேல். நான் அதைச் செய்யவில்லை.

அந்த 25 மில்லிமீட்டர் கிட்டார் ஒன்றரை வருடம் பெட்டியிலேயே இருந்தது. கடைசியில் பாதி விலைக்குக் கொடுத்தேன். வாங்க வந்தவர் ஆறடிக்கு மேல் உயரம், உள்ளங்கை தோசைக்கல் அளவு. உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்தார். பிறகு நெக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் சார் இவ்வளவு கச்சிதமாக அளவு சொன்னது?" என்று கேட்டார்.